உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார், யார் பணத்தில் போட்டியிட்டார்? தேடிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

2019 டிசம்பர் 11 இரவு மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியது. ஆதரவாக விழுந்த 125 வாக்குகளில் அதிமுகவின் 11 வாக்குகளும் இருந்தன. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. தேர்தல் அறிக்கை வீடு தேடி வரும். வாக்குப் பட்டியலை நாம்தான் தேடிப் போக வேண்டும். அந்தப் பட்டியல் எங்கே கிடைக்கும், அதைப் படிப்பது எப்படி, தேர்தலுக்குப் பணம் வந்த வழியைப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் தொகுதிக்கு நானே இதைச் செய்து பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் கலெக்டர் ஆபீசில் அரை நாளும் பிடித்தது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு நோட்டும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். நம் நாட்டில் ஒரு எம்.பி.யின் வாக்கும் சரி, அவருக்கு வரும் பணமும் சரி, பெரும்பாலும் கட்சிக்குள் மறைந்திருக்கும். அதனால் ஆளை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. கட்சியை மட்டும் பார்த்தால் ஆள் தப்பித்துவிடுவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இது வரும்.

படி 1: எந்த அவை, எந்தச் சின்னம்

நம் மாநிலத்துக்கு மக்களவையில் 39 இடம், மாநிலங்களவையில் 18 இடம். மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குத் தொகுதி கிடையாது, நாம் பார்க்கும் வகையிலான பிரசாரச் செலவும் கிடையாது. ஆனால் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் அவர்களும் தருகிறார்கள்.

அடுத்தது சின்னம். கட்சி தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது. அரசமைப்பின் 10-வது அட்டவணை அதுதான். கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். 2019 தேர்தலில் விழுப்புரம், பெரம்பலூர், நாமக்கல், ஈரோடு ஆகிய நான்கு தொகுதிகளில் கூட்டணிக் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார்கள். மேடையில் அவர்கள் வேறு கட்சி. அவையில் அவர்கள் திமுக உறுப்பினர்கள், திமுக கொறடாவின் உத்தரவு அவர்களையும் கட்டுப்படுத்தும். இது தெரியாமல் "அவர் ஏன் தன் கட்சி சொல்கிறபடி வாக்களிக்கவில்லை" என்று கேட்டுப் பயனில்லை.

படி 2: டிவிஷன் நடந்ததா என்று முதலில் பாருங்கள்

நிறையப் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் சொல்வார். யார் என்ன சொன்னார் என்று எங்கும் பதிவாகாது. யாராவது டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு, கேட்டு, அது நடந்தால்தான் பெயர்வாரியான பட்டியல் உருவாகும்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகவே, ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகளைத் தெருவில் உட்கார வைத்த அந்தச் சட்டங்களுக்கு மாநிலங்களவையில் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் இன்று யாரிடமும் இல்லை. 2021 நவம்பர் 29-இல் அவற்றைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான். எனக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை.

அரசமைப்புத் திருத்த மசோதா என்றால் கவலை வேண்டாம். 368-வது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். எண்ணாமல் முடியாது என்பதால் டிவிஷன் கட்டாயம் நடக்கும். 2023 செப்டம்பர் 20-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது இப்படித்தான். முதல் நாள் வேலைக்கு இப்படி ஒரு மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள், தேடுவது சுலபம். பிறகு உங்கள் தொகுதிக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள மூன்று நான்கு மசோதாக்களுக்குப் போகலாம். அதற்கு மேல் எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

படி 3: பட்டியலைப் படிப்பது

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. அங்கே விவாதங்கள் என்ற இடத்துக்குப் போய், மசோதா நிறைவேறிய தேதியைப் போட்டால் அன்றைய முழு நடவடிக்கையும் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். விவாதத்தின் கடைசியில், அமைச்சர் பதில் சொல்லி முடித்த பிறகு வரும் பக்கங்களைப் பாருங்கள். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கில அகரவரிசையில் பெயர்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல் பின்னால் போய்விடும். டி.ஆர்.பாலுவை 'டி' எழுத்தில் தேடினால் கிடைக்கமாட்டார், 'பி' எழுத்தில் 'பாலு, டி.ஆர்.' என்று இருப்பார். நானும் முதல் தடவை என் எம்.பி. பெயரைக் காணாமல், அவர் அன்று வரவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.

இன்னொன்று, மேலே 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற குறிப்போடு வரும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பர் 17-இல் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகப்படுத்தலாமா என்று மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. மின்னணுப் பலகை முதலில் 220-க்கு 149 என்று காட்டியது. பொத்தான் சரியாக வேலை செய்யாதவர்களும் மாற்ற வேண்டியவர்களும் காகிதச் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு கணக்கு 269-க்கு 198 ஆனது. பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் சீட்டில் வாக்களித்தவர்கள் என்று பொருள். பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் திருத்தக் குறிப்பையும் படித்துவிட்டே நோட்டில் எழுதுங்கள்.

'இந்த எம்.பி. இதுவரை அளித்த வாக்குகள்' என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தரும் அரசுப் பட்டியல் கிடையாது. மசோதா மசோதாவாக நாம்தான் தொகுக்க வேண்டும்.

படி 4: பட்டியலில் பெயரே இல்லாவிட்டால்

ஆதரவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. அப்படியானால் அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வெளிநடப்பு செய்திருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. அதே நாள் விவாதத்தில் 'இந்தக் கட்டத்தில் இன்னார் அவையை விட்டு வெளியேறினார்கள்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

வெளிநடப்பை எதிர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண மசோதாவுக்கு, வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். எதிர்ப்பவர் எழுந்து வெளியே போனால் அந்தப் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கை குறைகிறது, ஆளும் தரப்புக்கு அது லாபம். 2019 ஜூலை 30-இல் முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. அன்று அதிமுக மசோதாவை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. அதற்குச் சில நாள் முன்பு மக்களவையில் அக்கட்சியின் ஒரே உறுப்பினர் அதே மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார். பேச்சை ஒரு பக்கமும் வாக்கை ஒரு பக்கமும் எழுதிவைத்தால்தான் இது கண்ணில் படும். என் நோட்டில் மசோதா, தேதி, பேசியது, வாக்களித்தது, கொறடா உத்தரவு இருந்ததா என்று ஐந்து பத்தி போட்டிருக்கிறேன்.

படி 5: அவர் தனி ஆளாகத் தெரியும் இடங்கள்

வாக்கு கட்சியுடையது என்றால் எம்.பி.யின் சொந்த உழைப்பை எங்கே பார்ப்பது? கேள்விகளில் பாருங்கள். வாய்மொழிப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்வி, எழுத்துப்பூர்வ பதில் கேட்கும் நட்சத்திரமில்லாக் கேள்வி, நேரமில்லா நேரத்தில் எழுப்பிய பிரச்சினை, கொண்டுவந்த தனிநபர் மசோதா, நிலைக்குழு அறிக்கையின் கடைசியில் எழுதிய மாற்றுக் கருத்துக் குறிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் கொறடா கிடையாது. தனிநபர் மசோதாவால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் நடக்காத விஷயம் அது.

வருகை, கேள்வி எண்ணிக்கை, விவாதங்கள் ஆகியவற்றை பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் எம்.பி. வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, அதனால் அவர்களுக்கு வருகைக் கணக்கே இருக்காது. எண்ணிக்கையை விட, கேள்வி எதைப் பற்றி என்பதுதான் முக்கியம். 300 கேள்வி கேட்டிருப்பார், தொகுதியில் வற்றிப்போன ஏரியைப் பற்றி ஒன்றுகூட இருக்காது. கேள்வியைப் பணத்துக்கு விற்ற வரலாறும் நமக்கு உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். ஒரே துறை, ஒரே தொழில் பற்றி ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால் குறித்து வையுங்கள். அது தொகுதிக்கான அக்கறையாகவும் இருக்கலாம். கரூர்க்காரர் ஜவுளியைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

படி 6: பிரமாணப் பத்திரம்

இனி பணம். வேட்புமனுவோடு தரும் 26-வது படிவம்தான் நம் கையில் இருக்கும் முதல் ஆவணம். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு ஆகியவற்றை வாக்காளர் அறிய உரிமை உண்டு என்று, தேர்தல் சீர்திருத்தத்துக்காகப் பாடுபடும் ஏ.டி.ஆர். அமைப்பு போட்ட வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது இது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஸ்கேன் செய்த நகல் கிடைக்கும். ஏ.டி.ஆரின் மைநேதா தளத்தில் பழைய தேர்தல்களின் விவரமும் இருப்பதால் 2019-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனாலும் அசல் நகலைப் படியுங்கள், சுருக்கத்தில் பாதி விஷயம் போய்விடும்.

மொத்தச் சொத்து எத்தனை கோடி என்பதுதான் செய்தியாகும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுவதில்லை. நிலத்தின் விலை ஏறினால் சொத்தும் ஏறும். நான் பார்ப்பது வேறு நான்கு. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்துக்கும், அதே ஐந்தாண்டில் புதிதாக வாங்கிய நிலத்துக்கும் பொருந்துகிறதா? படிவத்தில் வாங்கிய தேதியும் வாங்கியபோது கொடுத்த விலையும் எழுதியிருக்க வேண்டும், இன்றைய சந்தை மதிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மனைவி அல்லது கணவர் பெயரில் என்ன இருக்கிறது? எந்தெந்த நிறுவனங்களில் பங்கு? கடைசியாக, கடன். வங்கிக் கடன் என்றால் சரி. தனி ஆளிடமோ தனியார் நிறுவனத்திடமோ பெரிய தொகை வாங்கியிருந்தால் அந்தப் பெயரை எழுதிவையுங்கள்.

வழக்குகளைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். மறியலில் கலந்துகொண்டதற்குப் போட்ட வழக்கும் பணமோசடி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றாகவே தெரியும். எந்தப் பிரிவு, குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டதா என்ற பத்திகளைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

இந்தப் பத்திரம் வெறும் சடங்கு இல்லை. 2019 தேனி தேர்தல் வெற்றி செல்லாது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றவர் சொத்து விவரங்களை மறைத்தார் என்று ஒரு வாக்காளர் தொடுத்த வழக்கு அது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

மாநிலங்களவை உறுப்பினர்களின் தொழில், நிறுவன நலன்களுக்கென ஒரு பதிவேடு அந்த அவையில் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்.டி.ஐ.) போட்டுக் கேட்கலாம்.

படி 7: ஒரு ரூபாய் கொடுத்துச் செலவுக் கணக்கைப் பார்ப்பது

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், புதுச்சேரியில் 75 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை போட்டியிடத் தடை வரலாம். தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் இந்தக் கணக்குகள் ஏற்றப்படுகின்றன. முழுக் கட்டையும் நேரில் பார்ப்பது தனி.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 88-வது விதி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தும் எவரும் இந்தக் கணக்கைப் பார்வையிடலாம் என்கிறது. தனிக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகலும் வாங்கலாம். நான் போன ஆபீசில் முதலில் "ஆர்.டி.ஐ. போடுங்க சார்" என்றார்கள். விதியின் பிரிண்ட் அவுட்டைக் காட்டினேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "மதியத்துக்கு மேல வாங்க" என்றார் ஒரு ஊழியர். மதியம் கட்டு மேசைமேல் இருந்தது. அதனால் பிரிண்ட் அவுட் கையில் இருக்கட்டும்.

கட்டைத் திறந்தால் மூன்று நிறத் தாள்கள். வெள்ளை அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கிக் கணக்கு. அவற்றோடு சுருக்க அறிக்கையும் அட்டவணைகளும். பொதுக்கூட்டம், வாகனம், விளம்பரம், ஆட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை உண்டு. நமக்கு முக்கியம் 7, 8, 9. ஏழில் வேட்பாளரின் சொந்தப் பணம், எட்டில் கட்சி கொடுத்தது, ஒன்பதில் மற்றவர்கள் கொடுத்த நன்கொடையும் கடனும். நான் பார்த்த கட்டில் எட்டாவது அட்டவணையில் ஒரே வரி, தலைமை அனுப்பிய தொகை. ஒன்பதாவது காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பணத்தைத் தேட வேண்டிய இடம் தொகுதியில் இல்லை, கட்சித் தலைமையகத்தில் இருக்கிறது என்று.

செலவினப் பார்வையாளரின் ஆட்கள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். வேட்பாளர் காட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரின் பரிசீலனை அறிக்கையில் வரும். அதையும் கேட்டு வாங்குங்கள். நாற்காலி, மாலை, டீ, பிரியாணிக்கெல்லாம் மாவட்ட நிர்வாகம் போட்ட விலைப் பட்டியலோடு கணக்கை ஒப்பிட்டாலே நிறையத் தெரியும்.

கணக்கில் வராத பணமும் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2019-இல் வேலூரில் சுமார் 11 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு முன்பே தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5-இல்தான் திரும்ப நடந்தது. அந்த மாதிரிப் பணம் எந்த நிறத் தாளிலும் இருக்காது.

படி 8: கட்சியின் கணக்கு

வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் கட்சிக் கணக்கில்தான் போகும். மக்களவைத் தேர்தல் முடிந்த 90 நாளுக்குள் கட்சிகள் தேர்தல் செலவு அறிக்கை தர வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரை ஆண்டுதோறும் 24ஏ படிவத்தில் தர வேண்டும். இரண்டும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன.

இவற்றை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2019 தேர்தலுக்குத் திமுக கொடுத்த செலவு அறிக்கையில், கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி ரூபாய் கொடுத்த கணக்கு இருந்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்கு 15 கோடி. யாரும் கசியவிட்ட ரகசியம் அல்ல, கட்சியே எழுதிக் கொடுத்த காகிதம்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க உதவிய தேர்தல் பத்திரங்கள் 2018-இல் வந்தன. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்து, 2019 ஏப்ரல் 12-க்குப் பிந்தைய விவரங்களை வெளியிடச் சொன்னது. மார்ச் 21-இல் பத்திர எண்களும் வந்ததால், யார் வாங்கியது யாரிடம் போனது என்று பொருத்திப் பார்க்க முடிகிறது. பாஜக அந்தக் காலத்தில் சுமார் 6,060 கோடி ரூபாய் பணமாக்கியது. திமுக தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி, லாட்டரித் தொழிலில் உள்ள பியூச்சர் கேமிங் நிறுவனத்திடமிருந்து வந்தது என்று அதுவே தெரிவித்தது. அதிமுக காட்டியது 6.05 கோடி, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனம் கொடுத்தது. கம்யூனிஸ்ட் கட்சிகள் இரண்டும் பத்திரம் வழியாகப் பணம் பெறவில்லை. பத்திரங்கள் போன பிறகு, நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். ஒரு ஆண்டில் வாங்கியதில் 95 சதவீதத்தை அவை அந்த ஆண்டிலேயே கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். எந்த நிறுவனம் அறக்கட்டளைக்குக் கொடுத்தது என்பதும், அறக்கட்டளை எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதும் தனித்தனிப் பட்டியலாக வரும்.

படி 9: இரண்டு நோட்டையும் சேர்த்து வைப்பது

இப்போது ஒரே தாளில் தேதி வரிசையில் எழுதுங்கள். நன்கொடை வந்த தேதி, அந்த நிறுவனத்தின் தொழில், அந்தத் தொழில் சம்பந்தப்பட்ட மசோதா, கட்சி வாக்களித்த விதம், உங்கள் எம்.பி. பேசியது, கேட்ட கேள்வி. பணம் முன்னால் வந்தது, வாக்கு பின்னால் வந்தது என்பதாலேயே ஒன்றுக்காக மற்றொன்று என்று எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே அந்தக் கொள்கையில் இருக்கும் கட்சிக்கு, அது பிடித்தவர்கள் பணம் கொடுப்பதும் நடக்கும். பழைய நிலைப்பாடு பணம் வந்த பிறகு மாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், அதற்கு அவர்கள் அவையில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

வாக்குக்கே பணம் வாங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நெடுநாள் மோசமான பதில்தான் இருந்தது. 1993-இல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்றப் பணம் வாங்கி வாக்களித்தார்கள் என்ற வழக்கில், அவைக்குள் அளித்த வாக்குக்காக எம்.பி. மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச் 4 அன்று 7 நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இப்போது லஞ்சம் வாங்கி வாக்களித்தவருக்குச் சிறப்புரிமைப் பாதுகாப்பு இல்லை.

தாள் தயாரானதும் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். மொத்தத்தையும் கொட்டாமல், ஒரே ஒரு மசோதாவை எடுத்து, தேதியையும் விவாதப் பக்க எண்ணையும் குறிப்பிட்டு, அன்று ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். தொகுதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், டெல்லி முகவரிக்கு மின்னஞ்சல். எனக்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது, இரண்டே பத்தி. ஒன்றில் கட்சியின் முடிவு என்று இருந்தது. இன்னொன்றில், குழுவில் தான் பேசியதைப் படித்துப் பார்க்கும்படி அறிக்கை எண்ணோடு எழுதியிருந்தார். அதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.